நர்ஸ் மிலாக்ரோஸுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், அதற்கு நான் கேரண்டி. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள், டெரிக் மிராண்டா வாயைத் திறந்தால் சிரிக்காமல் தாண்டிப் போனவர் கிடையாது என்று. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி மிஸ்கூட, அவர்கள் குரலிலேயே நான் வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த அன்றைக்கு, முதலில் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு அப்புறம்தான் என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஆனால் சிரிப்பு இப்போது இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். மணி நாலு ஐம்பது. ஐந்தரைக்குள் ஒரே ஒரு வார்த்தையை முடிவுசெய்து அனுப்பிவிட்டு வந்து சிரிப்பைத் தருகிறேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கீழே மம்மியின் தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, அது நிற்கும்போதெல்லாம் மம்மி எழுந்து படியேறி வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, வரவில்லை, நூல் மாற்றுகிறாள், அவ்வளவுதான். வார்த்தை இங்கிலீஷில் இருக்கிறது, எனக்கு அது ஸ்பானிஷில் வேண்டும். டிஸ்சார்ஜ். இதுதான் வார்த்தை. பெரு நாட்டில் கயாவோ என்கிற துறைமுகத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் அண்ணன் கிளாட்வின் கிடக்கிறான், கப்பலிலேயே அப்பெண்டிக்ஸ் வெடித்து, வெள்ளிக்கிழமை வயிற்றைத் திறந்து தைத்திருக்கிறார்கள். அவனைப் பார்த்துக்கொள்கிற ராத்திரி நர்ஸ் மிலாக்ரோஸுக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, அவளுக்கு டியூட்டி காலை ஏழோடு முடிகிறது, அங்கே ஏழு என்றால் இங்கே ஐந்தரை. மம்மிக்கு இதில் எதுவுமே தெரியாது. மம்மியைப் பொறுத்தவரை கிளாட் கப்பலில் நன்றாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகூட அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசினான், இன்றைக்கு ஐந்தரைக்கு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசியது நான்.

இருங்கள், இது இன்னும் சிரிப்பு இல்லை, இது முன்னாடி வருவது. போன வருஷம் என் குரல் உடைந்தது, உடைந்து மூன்று மாதம் ஓட்டைச் சைக்கிள் மாதிரிக் கிரீச்சிட்டு, ஒருநாள் காலையில் பார்த்தால் உள்ளேயிருந்து கிளாட் குரல் வந்தது. நான் முயற்சி எதுவும் செய்யவில்லை. மற்றக் குரலையெல்லாம் உழைத்துச் சம்பாதித்தேன், பங்குச்சாமியாரின் மூக்குக்குரலுக்கு இரண்டு வாரம், ஏலக்கூடத்து மரியதாஸ் அண்ணாச்சியின் கரகரப்புக்குத் தொண்டையில் ரத்தம், கோல் விழுந்தால் ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் கத்துகிற ஸ்பானிஷ் கமெண்டரிக்காரனுக்கு ஒரு முழு லீவு, ஆனால் கிளாட் சும்மா கிடைத்தான், கொஞ்சம் மெதுவாக, வாக்கியத்தின் கடைசியில் இறங்கினால் போதும், கிளாட். ஞாயிற்றுக்கிழமை இதே தொட்டி நிழலில் உட்கார்ந்து, பழைய போனில் இண்டர்நெட் கால் போட்டு, நம்பர் என்னவோ வெளிநாட்டு நம்பராகத் தெரியும், கப்பலிலிருந்து வருவதெல்லாம் அப்படித்தான் தெரியும், மம்மி எடுத்தாள், நான் கிளாட்டாக, மம்மி இந்த ஊர்ல எலி மாதிரி ஒண்ண முழுசா வறுத்து வைக்கான், தின்னுட்டேன், என்றேன். கத்துவாள், ஐயோ அந்தோணியாரே என்று மெஷினை விட்டு எழும்புவாள், நான் தடதடவென்று படியிறங்கி அவள் முன்னால் போய் நின்று அதே குரலில் இன்னொரு எலி கேட்பேன், இதுதான் திட்டம். மம்மி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, காரம் போட்டானா, என்று கேட்டாள். நான் வாயில் சட்டையைத் திணித்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் நீங்கள் சிரிக்க வேண்டியது, மம்மியும் சிரிக்க வேண்டியது, நான் எழுந்து முதல் படியில் காலை வைத்துவிட்டேன், அப்போது என் சொந்தப் போன் அடித்தது. சென்னை நம்பர். மம்மியிடம், சிக்னல் போகுது, புதன்கிழமை அஞ்சரைக்குக் கூப்பிடுதேன், என்று கிளாட் குரலிலேயே வைத்துவிட்டு இதை எடுத்தேன். கிளாட்டைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ஸி, சந்தானம் சார், கிளாட்வின் மிராண்டா வீடா, பெரியவங்க யாராவது இருக்காங்களா, என்றார். பெரியவங்க. அப்பா போய் நாலு வருஷமாகிறது. ஃபாரத்தில் வீட்டு நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டது நான்தான், மம்மிக்கு இங்கிலீஷ் வராது என்பதால். வாய் இன்னும் விளையாட்டிலேயே இருந்தது, அது தானாக இறங்கிக் கனமாகி, சொல்லுங்க சார், நான் அவன் தாய்மாமா, லாரன்ஸ் கொரேரா பேசுதேன், என்றது. அதற்கப்புறம்தான் அவர் ஆபரேஷன் என்றார். வாய் திரும்பி வரவில்லை. நாலு நாளாக நான் லாரன்ஸ் கொரேராவாகத்தான் இருக்கிறேன்.

மம்மிக்கு லாரன்ஸ் என்று ஒரு தம்பியும் கிடையாது. நர்ஸ் விஷயம் வந்தபோது சந்தானம் சார், அங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியல கொரேரா சார், போர்ட் ஏஜெண்ட் பகல்ல ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார், எல்லாம் ஃபைன்னு சொல்றார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும், என்று இழுத்தார். கொரேரா சும்மா இருக்க வேண்டியதுதானே. இருக்கமாட்டார். நமக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் வரும் சார், நம்ம பேரப் பாத்தாலே தெரியுமே, பரம்பரையா வீட்ல பேசுறதுதான், என்றார். சந்தானம் சார் நம்பிவிட்டார். மிராண்டா, கொரேரா என்று பேர் இருந்தால் நம்பாமல் என்ன செய்வார், எங்கள் தாத்தனுக்குத் தாத்தன் ஞானஸ்நானத் தொட்டியில் தலையை நீட்டியபோது போர்ச்சுக்கீசியன் ஒருத்தன் பேரை ஊற்றிவிட்டுப் போனான், மொழியை ஊற்றவில்லை, அது சென்னையில் யாருக்குத் தெரியும். கயாவோவிலும் தெரியவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் கட்டிலில் மிராண்டா என்று அட்டை மாட்டி முதல் இரண்டு நாளும் எல்லோரும் அவனிடம் ஸ்பானிஷில் படபடவென்று பேசியிருக்கிறார்கள், வலி எங்கே, எப்படி இருக்கு, அவன் விழித்திருக்கிறான், காய்ச்சலில் தமிழில் ஏதோ சொல்லியிருக்கிறான், சொந்த மொழி மறந்துபோய்ப் புரியாத சத்தம் போடுகிறார், மூளைக்குக் காய்ச்சல் ஏறியிருக்கலாம் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். மிலாக்ரோஸ்தான் அவனுடைய போனைத் தேடியெடுத்து, கடைசியாகப் பேசியிருந்த என் நம்பருக்கு, இவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டாள். நான் ட்ரான்ஸ்லேட் ஆப்பில் ஒவ்வொரு வரியாகப் போட்டு, இவர் இந்தியர், தமிழர், மூளை நன்றாக இருக்கிறது, என்று பதில் அனுப்பினேன். அவள் எட்டு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். நல்ல பெண். என்னை செஞோர் கொரேரா என்கிறாள். எனக்கு நாற்பத்தைந்து வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாலு ஐம்பத்தெட்டு. மெஷின் ஓடுகிறது. சந்தானம் சார் மூன்று மணிக்கு அனுப்பியதை மறுபடி படிக்கிறேன், கொரேரா சார், நர்ஸிடம் டிஸ்சார்ஜ் பற்றிக் கேட்டு உடனே சொல்லவும், ஆறு மணிக்குக் கம்பெனி டாக்டரோடு பேசுகிறோம், அதை வைத்துத்தான் லிமாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதா வேண்டாமா என்று முடிவாகும். டிஸ்சார்ஜ் பற்றி. எந்த டிஸ்சார்ஜ். ஆப்பில் போட்டால் வரிசையாக இறங்குகிறது. முதலில் தெஸ்கார்கா. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஸ்பானிஷிலிருந்து இங்கிலீஷுக்கு, நான் எப்போதும் அப்படித்தான், போன வழியே திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன், சரக்கு இறக்குதல் என்று வந்தது, அப்புறம் கரண்ட் ஷாக், அப்புறம் டவுன்லோட். சரக்கு இறக்குதல். கிளாட் வாயில் அந்த வார்த்தை எப்போதும் அதுதான், லே இங்க டிஸ்சார்ஜ் முடிய ஆறு நாளாகும், முடிஞ்சா அடுத்த போர்ட்டு, கோதுமை மூக்குல ஏறி ஏறித் தும்மலா வருது. அவன் கப்பலிலும் இப்போது டிஸ்சார்ஜ்தான் நடக்கிறது, நாளைக்கு முடிந்து அவனை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்தது தெஸ்பீதோ, வேலையை விட்டு நீக்குவது. அதுவும் இருக்கும், அவன் கையில் வைத்திருக்கிற நீலப் புத்தகத்துக்கே டிஸ்சார்ஜ் புக் என்றுதான் பேர், இறங்கினால் அதில் சீல் குத்துவார்கள், ஒருவேளை சந்தானம் சார் அதைத்தான் கேட்கிறாரோ, ஆனால் அதை நர்ஸிடம் ஏன் கேட்க வேண்டும். அடுத்தது ஆல்தா. இது எனக்குத் தெரிந்த வார்த்தை. ஸ்பானிஷ் கற்றுத்தருகிற ஆப்பில் மூன்றாவது பாடம், அந்தப் பெண் ஆல்தா, அந்தப் பெண் உயரமானவள். திருப்பிப் போட்டால் உயரம் என்றும் வருகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவது என்றும் வருகிறது. மிலாக்ரோஸிடம் ஆல்தா எப்போது என்று கேட்டு, அவள் நான் ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு என்று பதில் போட்டால். பாருங்கள், சிரிப்பு வருகிற மாதிரி வந்து போகிறது. எனக்கு வரவில்லை. கடைசியில் செக்ரெசியோன். திருப்பிப் போட்டேன். கசிவு, உடம்பிலிருந்து வடிவது. நான் அந்தத் திரையை மூடிவிட்டு மறுபடி ஆல்தாவுக்கு வந்தேன். ஆல்தா நல்ல வார்த்தை. எங்கள் ஊரில் டிஸ்சார்ஜ் என்றால் அது ஒன்றுதான், யாரிடமும் கேட்டுப் பாருங்கள், டிஸ்சார்ஜ் ஆயாச்சா, ஆயாச்சு, பில்லு எவ்வளவு, ஆட்டோ பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வருவது. அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காலையில் டாக்டர் வந்து, டிஸ்சார்ஜ் எழுதிட்டேன், கூட்டிட்டுப் போங்க, என்றார், மம்மி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வழியில் ஆட்டோவை நிறுத்தி அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கினாள், பக்கத்து வீடு எதிர்வீடு எல்லாம் கொடுத்தாள், கிளாட் மட்டும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்று படித்தான், படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலர் வாயில் அந்த ஜாங்கிரிச் சிவப்பு இருந்ததாகவே எனக்கு ஞாபகம், இருந்திருக்காது, மூன்று நாளில் சிவப்பு போயிருக்கும். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், என்பதற்கும் அதே வார்த்தைதான். அப்படியானால் சந்தானம் சார் எதைக் கேட்கிறார். வீட்டுக்கு எப்போது என்றா, அல்லது அந்த வீட்டுக்கு எப்போது என்றா. அந்தச் சீட்டைப் படித்துவிட்டு வாசலில் நிற்கும்போது கிளாட்டுக்கு என் வயசு. இதை நான் இதற்கு முன்னால் கணக்குப் பார்த்ததே இல்லை.

சந்தானம் சாரிடமே கேட்டால் என்ன. இப்போதே போன் போட்டு, சார் எந்த டிஸ்சார்ஜ், என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும். போன் போடுவேன், கொரேரா குரலைத் தொண்டையிலிருந்து இறக்குவேன், அவர், என்ன சார், பரம்பரையா பேசுற ஆளு, நீங்களே கேக்குறீங்க, என்பார், கொரேரா தடுமாறுவார், தடுமாறினால் குரல் ஏறும், ஏறினால் அதற்குள்ளேயிருந்து பதினேழு வயசு எட்டிப்பார்க்கும், யார் பேசுறது, என்பார், நாலு நாளா யார்கிட்ட தம்பி நான் பேசிக்கிட்டிருக்கேன், வீட்ல அம்மாகிட்ட குடு. அம்மாகிட்ட குடு. அதுதான். அதற்காகத்தான் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன், உங்களிடம் மறைக்கவில்லை. என் அண்ணன் வயிறு அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட இல்லாத ஒரு மாமாவின் மரியாதையைக் காப்பாற்றுவது எனக்குப் பெரிதாக இருக்கிறது.

"டெரிக்கு! ஏல டெரிக்கு!"

மெஷின் நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மம்மிதான், கீழே முற்றத்திலிருந்து. ஸ்டெல்லா அக்கா ஜாக்கெட் வாங்க வந்திருக்கிறாள், அவள் குரலும் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன்.

"மணி என்னல ஆச்சு?"

"அஞ்சு அஞ்சு மம்மி."

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் கெடக்கு," என்று மம்மி ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னாள். "அஞ்சரைன்னா அஞ்சரைக்குக் கூப்பிட்ருவான். போன தடவ எலியத் தின்னேங்கான், கேட்டியா. நான் காரம் போட்டானான்னு கேட்டேன், பேச்சக் காணோம். சிரிச்சிருப்பான்."

"எலியா? ச்சீ! நீங்களும் திட்டாம விட்டுட்டீங்களாக்கும்?"

"பசிச்சவன் எதத் தின்னா என்ன. திரும்பி வந்தாப் போதும்."

"டெரிக்கு," ஸ்டெல்லா அக்கா அண்ணாந்து கண்ணுக்கு மேல் கையை வைத்தாள், "நம்ம சாமியாரு கொடிமரத்துக் கணக்கு வாசிப்பாருல்லா, அத ஒருக்கா சொல்லிக் காட்டேன். எங்க மாமியா கேக்கல, சொன்னா நம்பமாட்டேங்கா. நான் ரெக்கார்டு பண்ணிட்டுப் போறேன்."

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் வாயைத் திறந்தேன். மூக்கில் காற்றை ஏற்ற வேண்டும், நாக்கை மேலே ஒட்ட வேண்டும், அன்பான இறைமக்களே என்று தொடங்க வேண்டும், நூறு தடவை செய்தது. காற்று ஏறவில்லை. அன்பான, என்றேன், அது யார் குரலாகவும் இல்லை.

"தொண்ட கட்டிருக்கு அக்கா."

"பெரிய இவரு. காசு குடுத்தாத்தான் பேசுவீரோ?"

மம்மி அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி குத்திய பஞ்சு மெத்தை இன்னும் மணிக்கட்டில் கட்டியிருந்தது, வெயில் முகத்தில் விழுந்தும் கண்ணைச் சுருக்கவில்லை. நான் தொட்டி நிழலுக்குத் தலையை இழுத்துக்கொண்டேன்.

ஐந்து எட்டு. எங்கே விட்டேன். ஆல்தா. ஆல்தா என்றே போட்டுவிடலாம். மிலாக்ரோஸ் நல்லபடியாக ஏதாவது சொல்வாள், மூன்று நாள் என்பாள், அவள் எப்போதும் நல்லபடியாகத்தான் சொல்கிறாள், நேற்று எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்குத் தூங்குகிறார் என்று போட்டு ஒரு நிலாப் பொம்மை வைத்தாள். மூன்று நாளில் ஆல்தா என்று சந்தானம் சாருக்கு அனுப்புவேன், அவர் டாக்டரிடம் சொல்வார், டாக்டர் சரி, அப்போ லிமாவெல்லாம் எதுக்கு, என்பார், ஃபைலை மூடுவார். எல்லோருக்கும் நல்லது. எல்லோரும் ஜாங்கிரி சாப்பிடலாம். நான் ஆல்தாவைத் தொட்டு எழுத்துப் பெட்டியில் ஒட்டினேன், அனுப்பவில்லை, விரல் மேலே போய்விட்டது, பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது, நான் போகச் சொல்லவில்லை, நேற்று சாயங்காலம் வந்த போட்டோவில் போய் நின்றது. இந்தப் போட்டோவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கிளாட் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான், வீட்டில் இருப்பவர்களுக்காக, அதற்காகத்தான் எடுத்திருக்கிறாள். நான் நேற்று கட்டைவிரலை மட்டும் பார்த்தேன். பிறகு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றில் கை வைத்தபிறகு, இன்னொரு தடவை பார்த்தேன். சட்டை விலகிய இடத்தில் பிளாஸ்திரி, பிளாஸ்திரிக்குக் கீழே விரிப்பில் ஒரு திட்டு. நிழலாக இருக்கலாம். பெரிதாக்கினேன். நிழலுக்கு ஓரத்தில் பழுப்பு விளிம்பு இருக்காது. குழம்பு கொட்டியிருக்கலாம், படுத்தபடியே சாப்பிடுகிறான் அல்லவா, குழம்பேதான், பெருவில் என்ன குழம்பு. எனக்கு ஆறாவது படிக்கும்போது முழங்காலில் ஆணி ஏறி, நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் பேண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தேன், ஐந்தாவது நாள் பேண்ட் துணியில் இதே நிறத்தில் இதே மாதிரி விளிம்போடு ஒரு திட்டு, கிளாட்தான் பார்த்தான், மம்மியிடம் சொல்லாதே என்று அழுதேன், சொல்லல வா, என்று சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய், அங்கே கம்பவுண்டர் அதை அமுக்கியபோது என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான், நான் அவன் கையைக் கடித்தேன், அவன் எடுக்கவில்லை. நிறம் எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி எட்டு மணியிலிருந்தே தெரியும். மூன்று மணிக்குச் சந்தானம் சார் செய்தி வந்தபோதும் தெரியும். இரண்டு மணி நேரமாக நான் அகராதி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து பதினான்கு. ஆல்தாவை அழித்தேன். செக்ரெசியோன் என்று அடித்தேன், அது பெரிய டாக்டர் வார்த்தை மாதிரி இருந்தது, மிலாக்ரோஸ் அதற்கும் பொதுவாக ஏதாவது சொல்லி நிலாப் பொம்மை வைத்துவிட்டால், அதையும் அழித்தேன், சீழ் என்று தமிழிலேயே ஆப்பில் போட்டேன், புஸ் என்று வந்தது. புஸ். இவ்வளவு சின்னது. தையல் போட்ட இடத்தில் புஸ் வருகிறதா, எப்போதிலிருந்து, என்ன நிறம், காய்ச்சல் எவ்வளவு, உண்மையைச் சொல்லுங்கள், நான் அவன் தம்பி. மாமா என்று போடத்தான் கை போனது, தம்பி என்று விழுந்துவிட்டது. திருத்த நேரமில்லை, அனுப்பிவிட்டேன். ஒரு டிக். இரண்டு டிக். நீலம் ஆகவில்லை. பேண்டேஜ் மாற்றிக்கொண்டிருப்பாள், அல்லது சட்டை மாற்றிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாளோ, சில நாள் ஐந்து நிமிஷம் முன்னாடியே போய்விடுவாளோ, எனக்கென்ன தெரியும், கீழே மெஷின் ஓடவில்லை, மம்மி இன்றைக்கு வேலையை முடித்துவிட்டாள், நாற்காலியை நகர்த்தி வைக்கிற சத்தம், போனை மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்திருப்பாள், கிளாட் கூப்பிடுகிற நாளில் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள், போனில் முகம் தெரியாது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். ஐந்து பத்தொன்பது. நீலம்.

பதில் மூன்று துண்டாக வந்தது. ஒவ்வொன்றையும் ஆப்பில் ஒட்டி ஒட்டிப் படித்தேன். ஆமாம், முந்தாநாள் ராத்திரியிலிருந்து, மஞ்சள், நாற்றத்தோடு. காய்ச்சல் முப்பத்தொன்பதரை. நாங்கள் சீட்டில் எழுதினோம், ஏஜெண்ட் சீட்டைப் படிக்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். இது முதல் துண்டு. ஒன்பது மணிக்கு டாக்டர் மறுபடி திறக்கிறார், எங்களிடம் உள்ள மருந்து கேட்கவில்லை, பெரிய இடம் கிடைத்தால் நல்லது, உடனே. இது இரண்டாவது. ஒன்பது என்றால் இங்கே ஏழரை. மூன்றாவது துண்டில் முதல் வார்த்தைக்கு மட்டும் ஆப் வேண்டியிருக்கவில்லை. அவன் மமா, மமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம், எட்டு மணிவரை, இங்கே ஆறரைவரை, விழித்திருப்பானாம், நான் டியூட்டி முடிந்தாலும் போகவில்லை, போனை அவன் காதில் பிடிக்கிறேன், அம்மாவைக் கொண்டுவா தம்பி, என்று முடித்திருந்தாள். எல்லாவற்றையும் அப்படியே இங்கிலீஷில் போட்டுச் சந்தானம் சாருக்கு அனுப்பினேன், கொரேரா மாதிரி முன்னுரை எதுவும் போடவில்லை, லிமாவுக்கு மாத்துங்க சார், இப்பவே, என்று மட்டும் தமிழில் அடித்தேன். உடனே பதில், டாக்டருக்கு ஃபோன் போடுறேன், ஆறு வரைக்கும் வெயிட் பண்ணல, கொரேரா சார், அவங்க அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்.

ஐந்து இருபத்தேழு. பக்குவமாக. பதினான்கு படிகள் இருக்கின்றன. இறங்கிப் போய் என் வாயால் என் குரலில், மம்மி, ஞாயித்துக்கெழம பேசினது கிளாட் இல்ல, என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் அடுத்ததைச் சொல்ல முடியும், அதைச் சொன்னவுடன் அவள் முகத்தில் எலியும் காரமும் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் எழுந்தேன். முதல் படிவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். கிளாட் சொன்னால் தாங்குவாள். கிளாட் மெதுவாக, கடைசியில் குரலை இறக்கி, மம்மி வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன், பயப்படாதீங்க, நான்தான் பேசுதேன்லா, என்று சொன்னால் தாங்குவாள், உண்மையைத்தானே சொல்லப் போகிறேன், குரல் மட்டும்தான் பொய், அப்புறம் உண்மைக் கிளாட்டோடு லைனைச் சேர்த்துவிடலாம், இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் ஆள் மாறினான் என்று அவளுக்குத் தெரியவே வேண்டாம். பழைய போனை எடுத்தேன். ஐந்து முப்பத்தொன்று. கீழே ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"கிளாட்டா? ஒரு நிமிஷம் லேட்டுல."

"ஆமா மம்மி. மம்மி, ஒண்ணு சொல்லணும், பதறாமக் கேளுங்க."

"இரு ராசா, மொதல்ல நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள், கையால் போனைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். "அவன் மாடியிலதான் இருக்கான், கேட்ரும். தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சு கிளாட்டு. நாலு நாளா யார மாதிரியும் பேசல. வீடே செத்துப்போய்க் கெடக்கு. நேத்து சோத்துல கைய வச்சிட்டு அப்படியே இருந்தான், நான் எடுத்து ஊட்டப் போனேன், எந்திச்சுப் போய்ட்டான். இப்பக்கூட ஸ்டெல்லா கேக்கா, அவனுக்கு வாயே வரல. அவன் மொகத்த நீ பாக்கல."

"மம்மி."

"எனக்குப் பயமா இருக்குல. என்ட்ட சொல்லமாட்டான். நீ கேட்டா சொல்லுவான். என்ன செஞ்சிருந்தாலும் மம்மி அடிக்கமாட்டான்னு சொல்லு. என்ன வேணும்னாலும் இருக்கட்டும், ஒத்தையில வச்சிக்கிட்டுக் கெடக்காண்டாம்னு சொல்லு. சொல்லுவியா?"

சொல்லுதேன் என்று கிளாட்டாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், மெதுவாக, கடைசியில் இறக்கி. வாயைத் திறந்தேன். இறங்கவில்லை. மூச்சுதான் வந்தது, மூச்சுக்கு அப்புறம் ஒரு சத்தம், நாய்க்குட்டியை மிதித்த மாதிரி, அதை விழுங்கப் பார்த்தேன், விழுங்க விழுங்க அடுத்தது வந்தது, மூக்கு ஒழுகியது, சட்டையை வாயில் திணித்தேன், சட்டையையும் தாண்டி வந்தது.

"கிளாட்டு? ஏன்ல? ஏன் அழுவுத?"

நான் அழவில்லை என்று தலையை ஆட்டினேன், போனுக்குள்.

"கிளாட்டு."

அப்புறம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுவதை ஒரு நிமிஷம் முழுக்க, அவசரமில்லாமல், தெரிந்த ஏதோ ஒன்றைக் கேட்பது மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி தரையில் உரசியது. படியில் செருப்புச் சத்தம், ஒன்று, இரண்டு, நடுவில் ஒரு இடத்தில் நின்றது, மறுபடி ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மம்மி கடைசிப் படியில் நிற்கிறாள், போன் இன்னும் அவள் காதில் இருக்கிறது, பவுடர் போட்ட முகம், என் கையில் இருக்கிற போனைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி போனைப் பார்க்கிறாள்.

"அப்போ," என்றாள், "கிளாட்டு எங்கல?"